நடு ஊரில் ஒரு வீடு: தாத்தா காலத்துக் கணக்கும் நம் காலத்துக் கணக்கும்

தென்காசியில் வீடோ மனையோ பார்க்கப் போனால் புரோக்கர் முதலில் சொல்வது ஒன்றுதான். "கோயிலுக்குப் பக்கம் அண்ணாச்சி, நடந்தே போயிரலாம்." அடுத்தது, "பஸ் ஸ்டாண்டு அஞ்சே நிமிசம்." விலையைக் கேட்டால் மட்டும் அந்த அஞ்சு நிமிசம் மெல்ல மெல்ல நீளும். கையில் இருக்கும் பணத்துக்குத் தகுந்தபடி மேலகரம், இலஞ்சி, ஆய்க்குடி என்று இடம் தள்ளித் தள்ளிப் போகும்.

உடனே வீட்டில் பெரியவர்கள் பழைய கதையை ஆரம்பிப்பார்கள். "அந்தக் காலத்துல எங்கப்பா சல்லிசா வாங்கிப் போட்டாரு. இப்ப நடு ஊர்ல ஒரு சென்ட் வாங்க முடியுமா?" இந்த வசனம் தென்காசிக்கு மட்டும் சொந்தமானது இல்லை. பாளையங்கோட்டையிலும் சென்னையிலும் இதே வசனம்தான், தொகை மட்டும் வேறு.

பி.காம். படிக்கிறவனுக்கு இதில் ஒரு சந்தேகம் வரும். நடு ஊர் இடத்துக்குப் போட்டி எல்லாக் காலத்திலும் இருந்திருக்கும். அப்படி இருக்க, மாதச் சம்பளக்காரர் அதை எப்படிச் சல்லிசாக வாங்கினார்? இதைத் தெரிந்துகொள்ளத்தான் கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டினேன். எனக்குப் புரிந்தது இதுதான்: அவர்களில் பலர் நடு ஊரில் வாங்கவே இல்லை. ஊர் ஓரத்தில் வாங்கினார்கள். பிறகு நடு ஊர் அவர்களைத் தேடி வந்தது. அதுவும் தானாக வரவில்லை. ஒரு சங்கமோ, ஒரு வாரியமோ, ஒரு ரயில் பாதையோ அதைக் கூட்டிக்கொண்டு வந்தது. இந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கோபுரத்தைச் சுற்றி ஒரு ஊர்

முதலில் நம்ம ஊரையே எடுத்துக்கொள்வோம். தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலைக் கட்டியவர் பராக்கிரம பாண்டியன். காலம் 15-ஆம் நூற்றாண்டு. கோயிலை நடுவில் வைத்து, சுற்றிலும் தேர் ஓடும் வீதிகளை வைத்து அமைந்த ஊர் இது. மதுரை, நெல்லை போன்ற கோயில் ஊர்களின் அமைப்பும் இதுதான். தேர் ஓடும் வீதியில் ஒரு வாசல் இருப்பது பெரிய கௌரவம். கடை வைப்பவருக்கு அதுவே வருமானம்.

எல்லோருக்கும் வாசல் வேண்டும், ஆனால் வீதியின் நீளம் அளவானது. என்ன செய்வது? பழைய வீடுகளைப் பாருங்கள். முகப்பு குறுகலாக இருக்கும். உள்ளே போனால் ரயில் பெட்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். திண்ணை, பட்டாசால், முற்றம், அடுக்களை, கடைசியில் புறவாசல். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். விலை உயர்ந்த சரக்கு வீதியை ஒட்டிய முகப்புதான் என்பதால், அதைச் சிக்கனமாக வெட்டிப் பங்கு போட்டிருக்கிறார்கள். இன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். அன்று அகலத்தைப் பங்கிட்டார்கள், இன்று உயரத்தைப் பங்கிடுகிறார்கள்.

அவ்வளவு வசதி இல்லாதவர்களுக்கு வளவு இருந்தது. நெல்லைச் சீமையில் வளவு என்றால் ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள், பொதுவாக ஒரு முற்றம், பொதுவாக ஒரு கிணறு. சென்னையில் இதற்கு ஸ்டோர் வீடு என்று பெயர். பெரும்பாலும் வாடகைதான். நடு ஊரில் குடியிருக்கலாம், ஆனால் சொந்தம் இல்லை. இன்றைக்கும் நம்மில் பலருடைய நிலைமை இதுதானே!

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். கோயிலைச் சுற்றி யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. அக்கிரகாரம் தனி, மற்றச் சாதிகளுக்குத் தனித்தனித் தெருக்கள், தலித் மக்களுக்கு ஊருக்கு வெளியே சேரி. கையில் காசு இருந்தாலும் நடு ஊரில் ஒருவர் நினைத்த தெருவில் வீடு வாங்கிவிட முடியாது. "அந்தக் காலத்தில் வீடு சல்லிசு" என்று சொல்லும்போது, அது யாருக்குச் சல்லிசு என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

சீட்டுப் பிடித்துக் கட்டிய வீடு

வீட்டுக் கடன், மாதத் தவணை எல்லாம் பேங்குகள் கண்டுபிடித்தவை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கதை அப்படி இல்லை.

1775-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ரிச்சர்ட் கெட்லி என்பவர் ஒரு விடுதி நடத்திவந்தார். அவருடைய விடுதியில் கூடிய ஆட்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் மாதாமாதம் ஒரு தொகை போட வேண்டும். ஒரு வீட்டுக்குப் போதுமான பணம் சேர்ந்ததும் உறுப்பினர்களில் ஒருவருக்கு வீடு. அவர் தொடர்ந்து பணம் கட்ட வேண்டும். அடுத்து சேரும் பணத்தில் இன்னொருவருக்கு வீடு. எல்லோருக்கும் வீடு கிடைத்ததும் சங்கத்தைக் கலைத்துவிடுவார்கள். அட, இது நம்ம ஊர்ச் சீட்டு மாதிரி இருக்கிறதே என்று தோன்றுகிறதா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இந்த வகைச் சங்கங்களில் ஒரு சிக்கல். புதிதாக ஒருவர் நடுவில் சேர வேண்டுமென்றால் பழைய பாக்கி முழுவதையும் கட்டியாக வேண்டும். ஆகவே 1840-களில் கலைக்கத் தேவையில்லாத சங்கங்கள் வந்தன. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் சேரலாம். சேமிக்கிறவர் ஒருவர், கடன் வாங்குகிறவர் இன்னொருவர். அவற்றுக்கு 'பெர்மனென்ட்', அதாவது நிரந்தரச் சங்கம் என்று பெயர்.

இதே காற்று சென்னைக்கும் அடித்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே சென்னையில் நிதி என்ற பெயரில் சேமிப்புச் சங்கங்கள் தோன்றின. 1872-ல் ஆரம்பித்த மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டு இவற்றில் மிகவும் பேர் பெற்றது. அந்தப் பெயரில் இருக்கும் 'பெர்மனென்ட்' என்ற சொல்லைக் கவனியுங்கள்! உறுப்பினர்கள் சேமிப்பார்கள், உறுப்பினர்களுக்கே கடன். நகையின் பேரிலும் வீட்டுப் பத்திரத்தின் பேரிலும் கடன் கொடுப்பார்கள். இன்றும் கம்பெனிச் சட்டத்தில் நிதி நிறுவனங்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

ஆக, முதல் கண்டுபிடிப்பு தவணை. ஒரே நாளில் கொடுக்க முடியாத தொகையைப் பல வருஷங்களுக்குப் பரப்பிக் கொடுப்பது. ஆனால் தவணை பணத்தைத்தான் கொண்டுவரும். இடத்தைக் கொண்டுவராது. இடத்துக்கு என்ன வழி?

ஏரிக்குள் ஒரு நகர்

சென்னை தியாகராய நகருக்கு வருவோம். இன்று ரங்கநாதன் தெருவில் தீபாவளி நேரத்தில் நடந்தவர்களுக்கு இதைவிட நடுவான இடம் உலகத்திலேயே கிடையாது என்று தோன்றும். ஆனால் 1920 வாக்கில் அந்தப் பக்கம் ஒரு பெரிய ஏரி இருந்தது. நுங்கம்பாக்கம், மாம்பலம் வழியாக நீண்டு கிடந்ததால் ஆங்கிலேயர்கள் அதை 'லாங் டேங்க்', அதாவது நீள ஏரி என்றே அழைத்தார்கள்.

1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அதே வருஷக் கடைசியில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. அந்த ஏரியில் ஒரு பகுதியை வடித்துத் தூர்த்து, சாலை போட்டு, மனையாக வகுத்து, 1920-களில் ஒரு புது நகரை உருவாக்கினார்கள். நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயச் செட்டியார் பெயரை வைத்தார்கள். நடுவில் பனகல் அரசர் பெயரில் பூங்கா. உஸ்மான் சாலை, டாக்டர் நாயர் சாலை, நடேசன் பூங்கா என்று திரும்பிய பக்கமெல்லாம் நீதிக்கட்சிக்காரர்கள் பெயர். மேற்கு மாம்பலத்தில் இருக்கும் ஏரிக்கரைச் சாலை (லேக் வியூ ரோடு) மட்டும் பழைய ஏரிக்கு இன்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டமும் அந்த ஏரி இருந்த இடத்தில் எழுந்ததுதான்.

அப்போதைய நடு ஊர் எது? ஜார்ஜ் டவுன். ஹைகோர்ட், துறைமுகம், பெரிய கம்பெனிகள் எல்லாம் அங்கே. கோயிலை ஒட்டிய நடு ஊர்கள் என்றால் மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும். அந்த மூன்றிலிருந்து பார்த்தால் மாம்பலம் தூரம்தான். 1931-ல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. மாம்பலத்தில் ரயில் ஏறினால் கோட்டையில் இறங்கலாம். மீட்டர் கணக்கில் மாம்பலம் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் நிமிஷக் கணக்கில் நடு ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது!

இதில் ஒரு கசப்பான பாடமும் உண்டு. சல்லிசான ஓரம் என்று நாம் சொல்வது பல இடங்களில் நீர் தேங்கும் இடமாக இருக்கிறது. ஏரியைத் தூர்த்தால் மனை கிடைக்கும், ஆனால் மழைத்தண்ணீருக்குப் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று தெரியாது. 2015 டிசம்பர் வெள்ளம் சென்னைக்கு அதைக் கற்றுக்கொடுத்தது.

சங்கம், காலனி, வாரியம்

தி.நகரை அரசாங்கம் உருவாக்கியது. அடுத்தது, மக்களே கூடி உருவாக்கிய இடங்கள்.

1904-ல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1912 சட்டம் கடனைத் தாண்டி மற்ற வேலைகளுக்கும் சங்கம் வைக்க வழி திறந்தது. பெங்களூரில் 1909-லேயே கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் தோன்றிவிட்டது. சென்னை அடையாற்றில் இருக்கும் காந்தி நகர், சென்னைக் கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் 1940-களின் கடைசியில் வகுத்த பகுதி. அடையாறு ஆற்றுக்குத் தெற்கே, அன்றைய கணக்கில் ஊருக்கு வெளியே. இன்று அங்கே மனை விலை கேட்டால் தலை சுற்றும்.

சங்கத்தின் சூட்சுமம் எளிமையானது. தனி ஆள் ஒரு ஏக்கர் வாங்க முடியாது. ஆனால் மனையாக வெட்டி விற்கும்போது விலை ஏறிவிடும். அந்த லாபத்தை இடையில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். நூறு பேர் சேர்ந்து மொத்தமாக ஏக்கர் கணக்கில் வாங்கித் தாங்களே மனை போட்டால் அந்த லாபம் அவர்களிடமே தங்கும். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் உள்ள வித்தியாசம்தான், வேறு மாயம் இல்லை. கூடவே நூறு குடும்பங்கள் ஒன்றாகக் கேட்டால் சாலை வரும், தெருவிளக்கு வரும், குழாய் வரும், டவுன் பஸ் வரும்.

நம்ம பக்கத்துக்கு வாருங்கள். திருநெல்வேலி பெருமாள்புரம் பக்கம் என்.ஜி.ஓ. காலனி இருக்கிறது. நாகர்கோவில் பக்கமும் ஒன்று இருக்கிறது. திண்டுக்கல்லிலும் இருக்கிறது. இப்போதெல்லாம் என்.ஜி.ஓ. என்றால் தொண்டு நிறுவனம் என்று நினைப்பார்கள். இந்த என்.ஜி.ஓ. வேறு. கெஜட்டில் பெயர் வராத சாதாரண அரசு ஊழியர், அதாவது குமாஸ்தாவும் டைப்பிஸ்ட்டும். அதிகாரிகள் பங்களாவில் இருந்தார்கள். குமாஸ்தாக்கள் சேர்ந்து ஊர் ஓரத்தில் ஒரு காலனி போட்டார்கள். அந்தப் பெயரே ஒரு சரித்திர ஆவணம்.

அடுத்து வாரியம். 1947-ல் சென்னையில் நகர அபிவிருத்தி டிரஸ்ட் செயல்படத் தொடங்கியது. 1961-ல் அது தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் ஆனது. எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. என்று வருமானத்தை வைத்து வீட்டை மூன்று வகையாகப் பிரித்து, குலுக்கலில் ஒதுக்கி, தவணையில் பணம் வாங்கினார்கள். அண்ணா நகர் இருக்கும் இடத்தில் நடுவக்கரை, முல்லம் என்ற கிராமங்கள் இருந்தன. 1968-ல் அங்கே உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்தது, கோபுரப் பூங்காவின் கோபுரம் அப்போது கட்டியதுதான். அதைத் தொடர்ந்து வாரியம் அங்கே மனைகளையும் வீடுகளையும் ஒதுக்கியது. "பொட்டல் காட்டில் போய் வீடா?" என்று யோசித்தவர்கள் இருந்திருப்பார்கள். துணிந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கோடீஸ்வரர்கள்.

ஆனால் எல்லோரும் ஓரத்திலிருந்து நடுவுக்கு வரவில்லை. சிலர் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலோ பக்கத்திலோ மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். மெரினா ஓரத்திலேயே அப்படிக் கட்டினார்கள். 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகரின் தெற்கு எல்லைக்குக் கொண்டுபோனார்கள். வீடு கிடைத்தது, ஆனால் வேலையும் பள்ளிக்கூடமும் பழைய இடத்திலேயே இருந்தன. ஓரத்தில் வீடு வாங்குவதற்கும் ஓரத்தில் கொண்டுபோய் விடப்படுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வாங்குகிறவர் பஸ் வருமா என்று கேட்டுவிட்டு வாங்குவார். மற்றவரிடம் யாரும் கேட்பதில்லை.

மண்ணைப் பங்கு போட்ட கதை

1977-ல் எச்.டி. பரேக் என்பவர் எச்.டி.எஃப்.சி. நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 60 வயது தாண்டிவிட்டது. நம் நாட்டில் ஒருவருக்குச் சொந்த வீடு வருவது பெரும்பாலும் ஓய்வு பெறும்போதுதான், பி.எஃப்., கிராஜுவிட்டி பணத்தில். வருமானம் வரும் வயதிலேயே வீடு வாங்க வழி செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். 1978-ல் கொடுத்த முதல் கடன் மும்பை மலாடில் வீடு கட்டிய ஒருவருக்கு, 35,000 ரூபாய். 1988-ல் தேசிய வீட்டு வசதி வங்கி வந்தது. பிறகு வங்கிகள் எல்லாம் இந்தக் கடனில் இறங்கின. எச்.டி.எஃப்.சி. நிறுவனமே 2023-ல் எச்.டி.எஃப்.சி. வங்கியோடு இணைந்துவிட்டது.

கடன் வந்தது, கூடவே ஃபிளாட் வந்தது. சென்னையில் நிலத்தைக் கிரவுண்டு கணக்கில் அளப்பார்கள். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. நம்ம ஊர்க் கணக்கில் ஏறக்குறைய ஐந்தரை சென்ட். அதில் ஆறு ஃபிளாட் சம அளவில் கட்டினால் ஒவ்வொருவருக்கும் 400 சதுர அடி நிலப் பங்கு. இதைத்தான் பத்திரத்தில் பிரிபடாத பாகம் என்கிறார்கள். யு.டி.எஸ். என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக நடு ஊரில் ஒரு சென்டுக்கும் குறைவான மண்ணுக்கு மட்டும் விலை கொடுத்துவிட்டு ஒருவர் முழுக் குடித்தனம் நடத்தலாம்!

கட்டடம் வருஷா வருஷம் தேயும். கணக்குப் பதிவியலில் அதற்குத் தேய்மானம் என்று பெயர், நிலத்துக்கு அது கிடையாது. நாற்பது வருஷம் கழித்து அந்தப் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும்போது கையில் மிஞ்சுவது அந்த 400 சதுர அடிப் பங்குதான். ஆகவே ஃபிளாட் வாங்கும்போது டைல்ஸைப் பார்ப்பதற்கு முன்னால் பத்திரத்தில் யு.டி.எஸ். எவ்வளவு என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அடுக்குமாடி உரிமையாளர்களுக்காக 1994-ல் ஒரு சட்டம் வந்தது. 2022-ல் புதிய சட்டம் அந்த இடத்துக்கு வந்தது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்பது அதன் முக்கிய அம்சம்.

கடன் கணக்கையும் ஒரு தரம் போட்டுப் பார்க்கலாம். 20 லட்சம் ரூபாய், 20 வருஷம், வட்டி 8.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை சுமார் 17,356 ரூபாய். மொத்தம் கட்டுவது சுமார் 41.65 லட்சம். அதாவது வாங்கிய கடனைவிட வட்டி அதிகம். இது போக, பத்திரப் பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 9 சதவீதத்துக்கு வங்கி பொதுவாகக் கடன் தராது. கையில் இருந்துதான் போட வேண்டும். பட்ஜெட் போடும் பலர் இடறுவது இங்கேதான்.

சிங்கப்பூர் போட்ட கணக்கு

இதுவரை பார்த்த எல்லா இடத்திலும் ஒரு பொதுவான முடிவு இருக்கிறது. முதல் தலைமுறைக்குச் சல்லிசாகக் கிடைத்தது, அடுத்த தலைமுறைக்கு எட்டாமல் போனது. வாரியம் குலுக்கலில் கொடுத்த வீட்டை வாங்கியவர் சந்தை விலைக்கு விற்றார். அடுத்து வந்த குமாஸ்தா மறுபடியும் ஓரத்துக்குப் போனார்.

தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூர் இதை வேறு விதமாகக் கையாண்டது. 1960-ல் அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. 1964-ல் வாடகைக்கு விட்ட வீடுகளைச் சொந்தமாக வாங்கும் திட்டம் வந்தது. அப்போது மூவறை வீட்டின் விலை 6,200 வெள்ளி. 1968-லிருந்து மத்திய சேம நிதிப் பணத்தை எடுத்து வீடு வாங்கலாம் என்றார்கள். சேம நிதி என்பது நம்ம பி.எஃப். மாதிரிதான். ஓய்வு பெற்ற பிறகு வரும் பணம் என்று இல்லாமல், வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே அது வீடாக மாறியது.

முக்கியமான விஷயம், நிலம் விற்பனைக்கு இல்லை. 99 வருஷக் குத்தகைதான். 1966-ல் வந்த நில எடுப்புச் சட்டத்தால் அரசாங்கத்திடம் ஏராளமான நிலம் சேர்ந்திருந்தது. தஞ்சோங் பகாரில், நகரத்தின் நட்ட நடுவில், 2009-ல் 50 மாடி அரசுக் குடியிருப்பு கட்டி முடித்தார்கள். 2021-லிருந்து நடு ஊரில் கிடைக்கும் புது அரசு வீடுகளுக்கு மானியம் கூடுதல், நிபந்தனையும் கூடுதல். பத்து வருஷம் குடியிருந்தால்தான் விற்கலாம். விற்கும்போது மானியத்தின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்த தலைமுறைக்கும் கதவு கொஞ்சம் திறந்திருக்கட்டும் என்ற எண்ணம்தான். 1989-லிருந்து ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தவர் எத்தனை சதவீதம் வரை இருக்கலாம் என்று உச்சவரம்பும் உண்டு. இதனால் தமிழர்கள் வீட்டை விற்கும்போது வாங்குகிறவர் கிடைப்பது சிரமம் என்ற குறை இருக்கிறது. ஆனால் ஒரு தெரு ஒரே கூட்டத்துக்குச் சொந்தமாகப் போகவில்லை. நம் கோயில் வீதிகளை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

இதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே ஊரும் நாடும் ஒன்று, நிலம் பெரும்பாலும் அரசாங்கத்திடம். ஆனால் நடு ஊரில் சல்லிசான வீடு என்பதை அதிர்ஷ்டத்துக்கு விடாமல் திட்டம் போட்டும் செய்யலாம் என்பதற்கு அது ஓர் அத்தாட்சி.

கலர் கொடி பறக்கும் வயல்கள்

இப்போது மறுபடி தென்காசி. 2019 நவம்பர் 22-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2012-ல் நெல்லை, தென்காசி ரயில் பாதை அகலப் பாதையாக மாறி முடிந்தது. மத்தளம்பாறையில் 2011-ல் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. வேலை ஊர் ஓரத்துக்கே வந்துவிட்டால் எது நடு, எது ஓரம் என்ற கேள்வியே மாறிவிடுகிறது. கோயிலில் இருந்து தூரம் பார்த்த ஊரில், வேலையில் இருந்து தூரம் பார்க்கும் ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

குற்றாலத்தில் கணக்கே வேறு. அங்கே நடு என்பது அருவி. சீசன் மூன்று மாதம் அருவிக்குப் பக்கத்தில் ஒரு அறை இருந்தால் நாள் வாடகை வரும். ஆகவே குடியிருக்க வீடு தேடுகிறவர், வாடகைக்கு விட வீடு தேடுகிறவரோடு போட்டி போட வேண்டும். மாதச் சம்பளக்காரர் அந்தப் போட்டியில் ஜெயிப்பது கஷ்டம். அவருக்கு இலஞ்சியோ மேலகரமோ சாத்தியம்.

ஓரங்களில் என்ன நடக்கிறது? போன வருஷம் நெல் விளைந்த வயலில் கலர் கொடி பறக்கும். நாலு பக்கம் கல் நட்டு, நுழைவாயிலில் ஒரு வளைவு வைத்து, ஏதாவது ஒரு நகர் என்று பெயர் போட்டிருக்கும். "தங்கக் காசு இலவசம்" என்பார்கள். பார்க்கத் தாத்தா காலத்துக் காலனி மாதிரியே இருக்கும். ஆனால் சங்கம் இல்லை, வாரியம் இல்லை. விற்றவர் அடுத்த வயலுக்குப் போய்விடுவார். சாலை, சாக்கடை, தண்ணீர் எல்லாம் வாங்கியவர் பாடு.

இப்படி அங்கீகாரம் இல்லாத மனைகள் தமிழ்நாடு முழுக்கப் பெருகிப்போய், 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. அதே வருஷம் தமிழ்நாட்டில் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமும் வந்தது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டுவிட்டு, விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் நின்ற குடும்பங்கள் ஏராளம். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற வார்த்தையை நம்பியதுதான் அவர்கள் செய்த ஒரே காரியம்.

மத்திய அரசின் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2015-ல் வந்தது. வட்டி மானியம் 2022-ல் நின்று, 2024-ல் புதிய வடிவில் திரும்பி வந்தது. வீட்டின் விலை 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்தால் 1.80 லட்சம் வரை வட்டி மானியம். நல்ல திட்டம்தான். ஆனால் பெரிய நகரத்தின் நடுவில் 35 லட்சத்துக்கு வீடு எங்கே? ஆக மானியமும் நம்மை ஓரத்துக்குத்தான் அனுப்புகிறது. தென்காசி மாதிரி ஊரில் அந்தத் தொகைக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது.

நமக்கு என்ன?

இந்தச் சரித்திரத்தில் இருந்து வீடு வாங்கப் போகும் நம் தலைமுறைக்கு மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன.

ஒன்று, தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காமல் நிமிஷத்திலும் டிக்கெட் காசிலும் அளக்க வேண்டும். டவுன் பஸ் ஓடுகிற ஆறு கிலோமீட்டர், பஸ் இல்லாத இரண்டு கிலோமீட்டரைவிடப் பக்கம்.

இரண்டு, ஓரத்தில் வாங்கலாம், ஆனால் அந்த ஓரத்துக்கு நடு ஊரைக் கூட்டிவர யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். டி.டி.சி.பி. அங்கீகாரம், உள்ளாட்சிக்கு ஒப்படைத்த சாலை, ஏற்கெனவே குடியிருக்கும் நாலு குடும்பம், பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். இவை இல்லையென்றால் அது வெறும் வயல். வயலாகவே இருந்தால் சோறாவது போடும்.

மூன்று, கூட்டம். தனியாகப் பேரம் பேசியவர்களைவிடச் சேர்ந்து வாங்கியவர்கள்தான் குறைந்த பணத்தில் நல்ல இடத்தில் குடியேறியிருக்கிறார்கள். கூட்டுறவு வீடு கட்டும் சங்கங்கள் பல ஊர்களில் பெயரளவுக்கு மட்டும் இருக்கின்றன. அவற்றில் நடந்த ஊழல்களும் நிர்வாகச் சீர்கேடும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மருந்து கெட்டுப்போனது என்பதற்காக நோய் போய்விடவில்லை. நாலு நண்பர்கள் சேர்ந்து அரை கிரவுண்டில் ஒரு சின்ன அடுக்குமாடி கட்டினால்கூட அது 1775-ல் பர்மிங்ஹாம் விடுதியில் நடந்த காரியம்தான்.

உங்கள் ஊரில் ஹவுசிங் போர்டு காலனி, என்.ஜி.ஓ. காலனி, ஆசிரியர் காலனி என்று ஏதாவது இருக்கும். அங்கே முதலில் குடியேறிய பெரியவர் யாராவது இருந்தால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். எந்த வருஷம் வாங்கினீர்கள், யாரோடு சேர்ந்து வாங்கினீர்கள், முதல் பஸ் எப்போது வந்தது? விலை எவ்வளவு என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள், கேட்கவே வேண்டாம். ஆனால் அந்த மூன்று பதில்களில்தான் நமக்கு வேண்டிய கணக்கு இருக்கிறது.